பாஸ்டர் கைக்குப் போன கொப்பி

என் மகள் கெம்பஸில் தத்துவம் படிக்கிறாள் என்று யாரிடமாவது சொன்னால், அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" அந்தக் கேள்விக்கு மூன்று வருடம் பயந்தேன். பிறகு வேறொரு விஷயத்துக்குப் பயப்பட ஆரம்பித்ததும் அதை மறந்துவிட்டேன். எனக்கு ஒரு பயத்தை ஆற்றுகிற மருந்து இன்னொரு பயம்தான்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தம்பிக்கு அம்மை போட்டிருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு மாதம் நிறுத்தினார்கள். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கொட்டகலைப் பக்கத்தில் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். கொஞ்ச நாள் கொழுந்து எடுத்தேன், பிறகு பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்தது. மலைக்குப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகிற இடம் அது. கவலைப்படுகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலையும் இல்லை, மோசமான வேலையும் இல்லை. ஒரு பிள்ளை தும்மினால் என் மனதுக்குள் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் தாய்மாரிடம் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டிய பிறகும், ஜன்னல் வழியாக ஒரு தடவை உள்ளே பார்ப்பேன். வெறும் பாய்கள்தான் கிடக்கும். பார்க்காமல் இறங்கி வர என்னால் முடியாது.

என் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறார். எதற்கும் கலங்காத மனிதர். "ஒங்கம்மாவுக்குக் கவலப்பட ஒண்ணும் இல்லேன்னு வையி, ஐயோ ஒண்ணும் இல்லியேன்னு ஒக்காந்து கவலப்படும்" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கும்.

இது நடந்தது மகளின் கடைசி வருடத்தில். ஆய்வுக்கட்டுரை என்று ஒன்று எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், அதற்கு முந்திய வாரம் வீட்டில் இருந்து எழுதி முடிக்கிறேன் என்று வந்தாள். லேப்டொப் ஹொஸ்டலில் கூட இருக்கிற பிள்ளையுடையது, இரண்டு பேரும் மாறி மாறிப் பாவிப்பார்கள். அந்த வாரம் அந்தப் பிள்ளையின் முறை. அதனால் கடைசி அத்தியாயத்தை ஒரு நீலக் கொப்பியில் கையால் எழுதினாள். திரும்பிப் போய் டைப் செய்துகொள்ளலாம் என்று கணக்கு.

நான் கவனித்தது கொப்பியை அல்ல. அதற்குப் பக்கத்தில் கிடந்த கறுப்பு அட்டைப் புத்தகத்தை. வேதப் புத்தகம், பைபிள்.

எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின தோட்ட வீடுகளில், அது சும்மா ஒரு புத்தகம் இல்லை. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மேல் லயத்தில் இரண்டு குடும்பம் டவுனில் இருக்கிற ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்து, அடுத்த வருடம் திருவிழாவுக்கு வராமல் நின்றார்கள். ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேச்சு நின்றுபோனது. அந்த மௌனத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கறுப்பு அட்டையின் கனம் தெரியும்.

அந்த வாரம் வியாழக்கிழமை, தண்ணீர்க் குழாயடியில், பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற அக்கா குடத்தை வைத்துவிட்டு என்னிடம் நெருங்கி வந்தார்.

"ஒம்மக வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து வேதம் வாசிக்குதே, பாத்தியா? பென்சில் வெச்சுக் கோடு வேற போடுது."

"பாடத்துக்குங்கக்கா."

"தத்துவத்துக்கு எதுக்குடி வேதம்? எங்கண்ணன் மகளும் மொதல்ல டியூசன் சொல்லித் தர்ற சேரு வாசிக்கக் குடுத்தாருன்னுதான் சொன்னா. இப்ப பொட்டு வெக்கிறாளா பாரு."

வீட்டுக்கு வந்து மகளின் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. அவள் பொட்டு வைப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, கெம்பஸில் யாரும் வைப்பதில்லை என்று எப்போதோ சொல்லியிருந்தாள். இத்தனை நாள் கண்ணில் படாத வெறும் நெற்றி அன்றைக்குத்தான் பட்டது.

அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டால்? என்னைப் போன்றவர்கள் கேள்வி கேட்க மாட்டோம். பதில் முதலே எங்களிடம் தயாராக இருக்கும், அதுவும் இருக்கிறதிலேயே மோசமான பதில்.

வெள்ளிக்கிழமை அவள் போட்டோகொப்பி எடுக்க ஹட்டனுக்குப் போனாள். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து கொப்பியைத் திறந்தேன். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பேன். அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தவர்கள் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. நாளும் நேரமும் தெரியாது என்று ஒரு பக்கத்தில். விழித்திருத்தல், விழித்திருத்தல் என்று மூன்று இடத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெப வீட்டு ஸ்பீக்கரில் கேட்கிற அதே வார்த்தைகள். எழுத்து என் மகளுடையது. மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாளே என்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வேதப் புத்தகத்தையும் கொப்பியையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக் கட்டி, டவுனுக்கு இறங்கினேன்.

ஜெப வீடு ஆணி, பெயின்ட் விற்கிற கடைக்கு மேல் மாடியில். எந்தச் சபை, எந்தப் பாஸ்டர் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்ட போர்டு அது, ஏறினேன். பாஸ்டர் ஒரு கதிரையில் ஏறி நின்று ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். முன்பு பஸ் கொண்டக்டராக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் பேச விடவில்லை.

"இந்தாங்க ஒங்க புத்தகம். எம்புள்ளைய விட்டுருங்க. ஒரே புள்ள. கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சது. இன்னும் ரெண்டு மாசத்துல படிப்பு முடியுது. அதுக்குப் பொறகு அது யாரக் கும்பிட்டாலும் அது இஷ்டம், இப்ப விட்டுருங்க."

"அம்மா, அந்தப் புள்ளைய நான் பாத்ததே..."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"அம்மா, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு ஆறுதலா..."

"ஒங்க டீ எனக்கு வேணாம்."

பையை அவர் நின்ற கதிரையின் மேலேயே, அவர் காலடியில் வைத்துவிட்டு இறங்கினேன். அவர் கையில் வயர், காலுக்குப் பக்கத்தில் பை. அவரால் உடனே இறங்கவும் முடியவில்லை. பாதையில் நடக்கும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அந்த நிம்மதி சாயங்காலம் ஐந்தரை மணி வரைக்கும் இருந்தது.

"அம்மா, என் கொப்பி எங்க?"

நான் அடுப்பை ஊதினேன்.

"நீலக் கொப்பிம்மா. வேதப் புத்தகத்தோட இருந்துச்சி."

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"குடுத்தவங்களுக்கே."

எங்கே, யாரிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். பிறகு அரிசிப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, அந்த வேதப் புத்தகம் ஹொஸ்டல்ல எங்கூட இருக்கிற புள்ளையோடது. கொப்பி என்னோடது. மூணாவது அத்தியாயம், கடைசி. திங்கக்கெழம குடுக்கணும்."

"அப்ப நீ வேதத்துல..."

"சேரலம்மா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் ஒங்கிட்ட எதையாவது மறைச்சிருக்கேனா?"

மறைத்ததில்லை. கெம்பஸில் முதல் வருடம் ஒரு பாடம் பெயிலானதைக்கூட அன்றைக்கே போன் எடுத்துச் சொன்னவள். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குக் கொப்பியைப் பற்றிய பயம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய பயம் ஒரு பக்கம். இனி இந்தப் பிள்ளை என்னிடம் எதையும் சொல்லுமா?

வீட்டுக்காரர் வந்ததும் விஷயம் கேட்டார். ஜெப வீட்டு போஸ்டரில் இருந்த நம்பரை யாரிடமோ விசாரித்து வாங்கி போன் அடித்தார். ஓஃப் ஆகியிருந்தது. போனை வைத்துவிட்டு, "பாஸ்டருக்கு ஞாயித்துக்கெழமப் பிரசங்கம் ரெடி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பிடி என்னதான் பாப்பா அதுல எழுதியிருக்க?" என்று கேட்டார்.

அவள் அப்பாவிடம் சொன்னாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கேட்டேன். என்னிடம் சொல்லவில்லை என்பது ஒவ்வொரு வார்த்தையிலும் தெரிந்தது.

"அந்தக் கிறிஸ்தவ மதம் ஆரம்பிச்ச காலத்துல, கடலோர டவுன் ஒண்ணுல கொஞ்சப் பேரு இருந்தாங்கப்பா. கைத்தொழில் செஞ்சு பொழச்சவங்க. மேல போன ஆண்டவரு திரும்பி வருவாருன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. வரல. அதுக்குள்ள அவங்கள்ல சிலபேரு செத்துப் போயிட்டாங்க. செத்தவங்க கதி என்ன, அவரு எப்பத்தான் வருவாருன்னு அவங்களுக்கு ஒரே கவல. அப்ப, கூடாரம் தைக்கிற தொழில் செஞ்ச ஒருத்தரு அவங்களுக்குக் கடிதம் எழுதுறாரு."

"தேதி சொன்னாரா?"

"சொல்லல. அதுதான் விசயமே. என்னிக்குன்னு கேக்குறத விட்டுட்டு, அதுவரைக்கும் எப்பிடி இருக்கப் போறோம்னு பாருங்கன்னு சொல்றாரு. இப்ப, நூறு வருசத்துக்கு முந்தி ஜேர்மனியில ஒரு வாத்தியாரு, தத்துவ வாத்தியாரு, அந்தக் கடிதத்த எடுத்துக் கிளாஸ்ல பாடம் நடத்துனாரு. மனுசனோட காலம் மணிக்கூட்டுல இல்ல, அவன் காத்திருக்கிற விதத்துல இருக்குன்னு அதுல இருந்து எடுத்தாரு. நம்புறவங்களுக்கு மட்டுமில்ல, எல்லா மனுசனுக்கும் அப்பிடித்தான்னாரு. இன்னிக்கித் தத்துவம் படிக்கிற யாரும் அவர விட்டுட்டுப் போக முடியாது."

"நல்ல மனுசனா?"

"இல்லப்பா. பின்னால, லட்சக்கணக்குல சனங்களக் கொன்ன ஒரு கட்சியில போயி சேந்தாரு."

வீட்டுக்காரர் அதற்கும் கலங்கவில்லை. "அப்ப மத்தவங்கள முழிச்சிருக்கச் சொல்லிட்டு, அவரு தூங்கிட்டாரு."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அத நான் எழுதலப்பா" என்று சொல்லி, ஒரு துண்டுக் கடதாசியில் எதையோ குறித்துக்கொண்டாள். அவள் பேனா பிடித்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சனிக்கிழமை காலையில் மடுவத்தை மற்ற ஆயம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு கலைவதற்குள் டவுனுக்கு இறங்கினேன். மகள் வரவில்லை. "ஞாபகத்துல இருந்து எழுதிப் பாக்குறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். ஜெப வீட்டில் பாஸ்டரின் மனைவி மட்டும் இருந்தார். நான் யார் என்று சொன்னதும், "ஓ, நேத்து வந்தவங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமாக இல்லை, வேடிக்கையாக.

"அவரு வட்டகொடைக்குப் போயிருக்காருங்க. எங்க சபையில ஒரு அம்மாவோட வீட்டுக்காரரு எறந்து ஒரு மாசம். ஆறுதல் சொல்லப் போயிருக்காரு. கொப்பியையும் கொண்டுட்டுப் போயிட்டாரு. நேத்து சோறு போட்டு வெச்சேன், அதப் பாத்துக்கிட்டே கைய ரசத்துல வெச்சிட்டாரு."

"கொப்பியில ரசம் பட்டிச்சா?"

"கையிலதாங்க பட்டிச்சு."

வட்டகொடைக்கு நானும் கிளம்பினேன், ரயில் பிந்தி வந்தது. தலவாக்கலை தாண்டும் வரைக்கும் அந்தக் கொப்பிக்கு என்னவெல்லாம் நடக்கலாம் என்று நினைத்தேன். அவர் அதை ரயில் சீட்டில் மறந்து வைத்திருக்கலாம். மழையில் நனைந்திருக்கலாம். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம், அவர்கள் கையில் பேனா இருக்கலாம். வட்டகொடையில் இறங்கி விசாரித்துக்கொண்டு மலை ஏறினேன். மூன்றாவது லயத்தின் கடைசிக் காம்பரா என்றார்கள். இஸ்தோப்பில் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஒரு குரல் எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாஸ்டரின் குரலை முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டேன். ஜெபம் நடக்கிறது, நடுவில் போகக் கூடாது என்று வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அவர் வாசித்தது வேதப் புத்தகத்தை அல்ல.

"காத்திருத்தல் என்றால் என்ன என்பதை நான் முதலில் பார்த்தது ஒரு பிள்ளை மடுவத்தில். மலைக்குப் போன தாய் எப்போது வருவாள் என்று அங்குள்ள எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. சில பிள்ளைகள் தூங்கிவிடும். சில பிள்ளைகள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்ப வருமா, இப்ப வருமா என்று அழும். இன்னும் சில பிள்ளைகள் விளையாடும். ஆனால் காது பாதையில் இருக்கும். வளைவில் காலடிச் சத்தம் கேட்டதும் முதலில் எழுந்து ஓடுவது அந்தப் பிள்ளைகள்தான். அந்தக் கடிதம் தன் வாசகர்களிடம் கேட்பது இந்த மூன்றாவது காத்திருப்பை."

அவர் ஒரு பக்கம் திருப்பினார்.

"கவலையை ஒரு நோய் என்று நினைக்கிறோம். இந்தத் தத்துவவாதி ஆதிக் கிறிஸ்தவர்களிடம் கற்றுக்கொண்டது வேறு. எதன் மேலும் அக்கறை இல்லாத மனிதர் என்று ஒருவர் கிடையாது. ஒருவர் எதற்காகக் கவலைப்படுகிறாரோ அங்கேதான் அவர் வாழ்கிறார். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகும், ஜன்னல் வழியாக வெறும் பாய்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிற ஒருவரை எனக்குத் தெரியும். அதை வெறும் பயம் என்று என்னால் எழுத முடியவில்லை."

நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஜன்னலில் பார்ப்பதை யாரும் கவனித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. கவனித்தால் சிரிப்பார்கள் என்றுதான் யாரும் இல்லாத நேரமாகப் பார்ப்பேன். சின்னப் பிள்ளையாக என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மடுவத்துப் படியில் நின்ற மகள், அதைப் பார்த்து, இத்தனை வருடம் வைத்திருந்து, படித்தவர்கள் வாசிக்கிற ஒரு கட்டுரையில் வைத்திருக்கிறாள். ஐந்தாறு பக்கம் தள்ளிப் படித்திருந்தால் அதை நானே பார்த்திருப்பேன். பயத்தில் நடுவிலேயே மூடிவிட்டேன்.

உள்ளே அந்த விதவை அம்மாவின் குரல் கேட்டது.

"அப்ப எங்க வீட்டுக்காரரு? ஆண்டவரு வர்றப்ப எல்லாரும் ஒண்ணாப் பாப்போம்னு சொன்னீங்களே பாஸ்டர். அவரு முந்திப் போயிட்டாரே. அவரு மட்டும் விடுபட்டுப் போவாரா?"

"அதத்தான் அந்த ஊர்க்காரங்களும் கேட்டாங்க. இதே கேள்வி. ரெண்டாயிரம் வருசமாகப் போகுது. இது நீங்க மட்டும் கேக்குற கேள்வி இல்ல, வெக்கப்படாதீங்க. செத்தவங்க விடுபட்டுப் போறதில்லன்னுதான் அந்தக் கடிதமே வந்துச்சி."

"இத எழுதின புள்ள யாரு?"

"தெரியாதுங்க. அந்தப் புள்ளையோட அம்மா நேத்து வந்து என்ன நல்லா ஏசிட்டுப் போச்சி. நான் கதிரைக்கு மேல. எறங்குறதுக்குள்ள அது பஸ் ஏறிரிச்சி."

விதவை அம்மா சிரித்தார். துக்க வீட்டில் அடக்கி அடக்கி வருகிற சிரிப்பு. நான் எழுந்து வாசலில் நின்றேன்.

"அந்த அம்மா நான்தாங்க."

பாஸ்டர் திடுக்கிட்டுக் கொப்பியை மூடினார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி அவர் முகம். "மன்னிச்சிக்குங்கம்மா, அடுத்தவங்க எழுதினத வாசிக்கக் கூடாது, இந்தம்மா போன தடவ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல, இதுல இருந்துச்சி..." என்று ஒரே மூச்சில் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். அவர் முந்திக்கொண்டார். விதவை அம்மா என் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்து, பிளேன்டீ கொண்டுவந்தார். முதல் நாள் வேண்டாம் என்று சொன்ன டீயை நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

ஸ்டேஷன் வரைக்கும் பாஸ்டர் கூட வந்தார். ஒரு இடத்தில் நின்று, "அம்மா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றார். ரசம் பட்டுவிட்டதோ என்று கொப்பியைப் பார்த்தேன். "ஒரு எடத்துல பென்சில்ல எழுதிட்டேன். அழிச்சாப் போயிரும். அந்த ஜேர்மன்காரரு காத்திருக்கிறத எடுத்துக்கிட்டாரு, கவலைய எடுத்துக்கிட்டாரு, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாரு. வரப் போறவர மட்டும் விட்டுட்டாரு. வீட்ட எடுத்துக்கிட்டு வீடு கட்டினவர வெளிய நிறுத்துன மாதிரி எனக்குத் தோணிச்சி. அது சரியான்னு புள்ளகிட்ட கேளுங்க. நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கல."

"நானும் ஏழாம் வகுப்புத்தாங்க."

"நான் எட்டு. ஒரு வகுப்பு கூட" என்றார்.

வேதப் புத்தகத்தையும் கொப்பியையும் அதே சொப்பிங் பேக்கில் போட்டுக் கொடுத்தார். நன்றி என்று சொன்னேன். போதவில்லை என்று தெரிந்தது. என் மகள் எழுதியதை என் காதால் கேட்க வைத்தவர் அவர், அதுவும் அது யாருக்குத் தேவையோ அவர் இருந்த இடத்தில். நான் கெம்பஸுக்கே போயிருந்தாலும் அது கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்தபோது மகள் ஞாபகத்திலிருந்து நாலு பக்கம் எழுதியிருந்தாள். கொப்பியைக் கையில் கொடுத்தேன். முழுவதும் புரட்டிப் பார்த்தாள். பென்சில் எழுத்தில் கண் நின்றது. பாஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எங்க கெம்பஸ் சேரு மூணு மாசமா இதத்தாம்மா கேட்டுக்கிட்டு இருக்காரு. அவரு கேட்டப்ப எனக்குப் புரியல. வீடு கட்டினவருன்னதும் புரியுது."

அன்றைக்குச் சாயங்காலம் இஸ்தோப்பில் உட்கார்ந்து, முடிவுரையில் அதை ஒரு கேள்வியாகச் சேர்த்தாள். தனக்குப் பதில் தெரியாது என்றும் எழுதினாள். அப்பா சொன்ன தூக்கத்தையும் சேர்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினேன். அவள் எழுதுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அம்மா, நான் நெசமாவே சேந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"அழுதிருப்பேன். பக்கத்துக் காம்பராக்காரங்களுக்குப் பயந்திருப்பேன். அம்மன்கிட்ட போயி சண்ட போட்டிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஞாயித்துக்கெழம நீ ஜெபத்துக்குப் போயிட்டு வர்ற நேரத்துக்குச் சோறாக்கி வெச்சிருப்பேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாள். பிறகு, அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவில் ஒரு கிறிஸ்தவ ஆயர் இருந்தார், அந்த ஜேர்மன்காரர் கவலையைப் பற்றி அவரிடமும் நிறைய எடுத்தார் என்றாள். அந்த ஆயரின் அம்மா மகன் மதத்தை நினைத்து அழுதுகொண்டே கடல் தாண்டிக் கப்பலில் அவர் பின்னாலேயே போனாராம்.

"அந்தம்மாவும் மகன் வேதத்துல சேந்துருவான்னா அழுதாங்க?"

"இல்லம்மா, சேரலியேன்னு."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கப்பல்லயா? நான் பரவால்லடி. வட்டகொடையோட நிறுத்திக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவள் போனாள். திங்கட்கிழமை முழுவதும் நான் போனைப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டு மடுவத்தில் இருந்தேன். டைப் பண்ணி முடித்தாளா, கரண்ட் போனதா, லேப்டொப் உடைந்ததா என்று எல்லாவற்றையும் நினைத்தேன். நானாகப் போன் எடுத்துக் கேட்கவில்லை. அவளே எடுக்கட்டும் என்று விட்டேன். மூன்று மணிக்கு எடுத்தாள்.

"அம்மா, குடுத்துட்டேன்."

குரல் எப்போதும் போல இருந்தது. மத்தியானம் சாப்பிட்டாளா, மழையா என்று கேட்கத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

"அந்த ஊர்க்காரங்க, கடிதம் கெடச்சப் பொறகு, சரியாயிட்டாங்களா?"

சந்தோஷப்பட்டாள் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது.

"இல்லம்மா. மறுபடியும் பயந்துட்டாங்க. நாள் வந்துருச்சின்னு யாரோ கெளப்பி விட்டு, சிலபேரு வேல வெட்டியக்கூட விட்டுட்டாங்க. ரெண்டாவதா ஒரு கடிதம் போட வேண்டியதாப் போச்சி. அவரேதான் எழுதினாரா, வேற யாரும் எழுதினதான்னு இன்னும் சண்ட போடுறாங்க."

"ஒரு கடிதத்துல சரியாகல?"

"ஆகல."

"அப்ப அவங்களும் என்ன மாதிரிதான்" என்றேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பிள்ளை எழுந்து அழுதது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைக் காதில் இடுக்கி, மீதியையும் கேட்டேன்.